அக்கா வீட்டு நித்தியகல்யாணி

சிங்கப்பூரின் ஈசூனில் அக்கா வீட்டுத் தாழ்வாரத்தில் துளசிக்கும் கறிவேப்பிலைக்கும் பாண்டானுக்கும் நடுவே இரண்டு தொட்டிகளில் நித்தியகல்யாணி நிற்கிறது. ஒன்று வெள்ளை, மற்றொன்று இளஞ்சிவப்பு. வெயிலென்றும் மழையென்றும் பாராமல் ஆண்டு முழுவதும் பூக்கும் அந்தச் செடியின் பூக்களைத்தான் அவர் வெள்ளிக்கிழமைதோறும் முருகன் படத்துக்குச் சாத்துவார். சில மாதங்களுக்கு முன் ஒரு காலையில் நான் போனபோது, அதே செடியின் இலைகளையும் பூக்களையும் கழுவிப் பாத்திரத்தில் போட்டுக் கொதிக்கவைத்துக்கொண்டிருந்தார். இனிப்புநீருக்கு (நீரிழிவுக்கு) இதைவிட நல்ல மருந்து கிடையாது என்று வாட்ஸ்அப்பில் வந்ததாகவும், வெறும் வயிற்றில் குடித்துவிட்டு ஒரு மணி நேரம் எதுவும் உண்ணாமல் இருக்க வேண்டும் என்றும், தாம் 6 வாரமாக அப்படித்தான் செய்துவருவதாகவும் சொன்னார். பலதுறை மருந்தகத்தில் மருத்துவரிடம் சொன்னீர்களா என்று கேட்டேன். பூச்செடிதானே, இதையெல்லாமா போய்ச் சொல்வது என்றார்.

எனக்கு அந்தப் பாத்திரத்தைப் பார்க்கவே மனம் பதறியது. ஓய்வுபெறும்வரை தாதியாக இருந்த நான், பல ஆண்டுகளைச் சிறார் புற்றுநோய்ப் பிரிவில் கழித்தவள். வின்கிரிஸ்டின் என்று நாங்கள் அன்றாடம் கையாண்ட மருந்து இந்தச் செடியிலிருந்து வருவதுதான். கையுறையும் மேலங்கியும் அணியாமல் அதை நாங்கள் தொட்டதில்லை. குழந்தையின் உயரத்தையும் எடையையும் கொண்டு உடற்பரப்பைக் கணக்கிட்டு அளவைத் தீர்மானிப்பார்கள். எவ்வளவு பெரிய உடலானாலும் ஒரு வேளைக்கு 2 மில்லிகிராமைத் தாண்டுவதில்லை என்பது பொதுவான வரம்பு. ஓர் அரிசி மணி ஏறத்தாழ 20 மில்லிகிராம் இருக்கும் என்றால், அதில் பத்தில் ஒரு பங்குதான் அந்த மருந்து. அது இரத்தக்குழாயைவிட்டு வெளியே கசிந்தால் சுற்றியுள்ள தசை வெந்துபோகும். தவறிப்போய் முதுகுத்தண்டு நீருக்குள் செலுத்தப்பட்டால் பெரும்பாலும் உயிர் மிஞ்சாது. அதனால்தான் ஊசிக்குழலில் வைத்துக் கொடுப்பதை விடுத்து, சிறு பையில் கலந்து இரத்தக்குழாய்வழி ஏற்றும்படி உலகச் சுகாதார நிறுவனம் 2007இல் அறிவுறுத்தியது. சரியான அளவில், சரியான வழியில் கொடுத்தபோதும் முடி உதிர்ந்தும், மலம் இறுகியும், விரல் நுனிகள் மரத்தும், பாதத்தை உயர்த்தி வைக்க முடியாமலும் அந்தப் பிள்ளைகள் பட்ட பாட்டை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். அதே மருந்தும் சேர்ந்துதான் இரத்தப் புற்றுநோயிலிருந்து அவர்களில் பலரை மீட்டு வீட்டுக்கு அனுப்பியது என்பதையும் பார்த்திருக்கிறேன். ஆகவே இந்தச் செடியின்மேல் எனக்குப் பகை கிடையாது, பெருமதிப்பு உண்டு. மதிப்பதால்தான் அது குவளையில் வந்து உட்காரக்கூடாது என்கிறேன்.

அக்காவுக்கு நான் சொன்ன கதையை இங்கும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இனிப்புநீருக்கான அந்தக் கஷாயம்தான் புற்றுநோய் மருந்தின் தொடக்கமே. 1952இல் கனடாவில் கிளார்க் நோபிள் என்ற மருத்துவருக்கு, ஜமைக்காவில் இருந்த அவருடைய நோயாளி ஒருவர் இந்தச் செடியின் இலைகளை அனுப்பிவைத்தார். அங்கே நீரிழிவுக்காரர்கள் அதைக் கொதிக்கவைத்துக் குடிக்கிறார்கள் என்று எழுதியிருந்தார். கிளார்க் அதைத் தம் தம்பி ராபர்ட் நோபிளிடம் கொடுத்தார். ராபர்ட் எலிகளுக்கு அந்தச் சாற்றை வாய்வழி கொடுத்துப் பார்த்தார், இரத்தச் சர்க்கரை அசையவில்லை. செறிவான சாற்றை ஊசிவழி செலுத்தியபோது எலிகள் சில நாள்களிலேயே கிருமித்தொற்றால் செத்துப்போயின. காரணம் தேடியபோதுதான், வெள்ளணுக்கள் அடியோடு குறைந்திருப்பதும் எலும்பு மஜ்ஜை ஒடுங்கியிருப்பதும் தெரியவந்தன. அப்படியானால் வெள்ளணுக்கள் கட்டுமீறிப் பெருகும் நோய்க்கு இது உதவுமே என்ற எண்ணம் அங்கே பிறந்தது. அவரும் சார்ல்ஸ் பியர் என்ற வேதியியலாளரும் பிரித்தெடுத்த வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்தைப் பற்றிய செய்தி 1958இல் வெளியானது. அதே காலத்தில் அமெரிக்காவில் எலி லில்லி நிறுவனத்தினரும் இந்தச் செடியை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். வின்கிரிஸ்டின் 1963இல் அங்கே அனுமதி பெற்றது.

இந்த மருந்துகள் செய்யும் வேலை எளிதாக விளங்கக்கூடியது. ஓர் உயிரணு இரண்டாகப் பிரியும்போது, மரபுப்பொருளை இருபக்கமும் இழுத்துச் செல்லும் நுண்ணிய இழைகள் உருவாக வேண்டும். அந்த இழைகளைக் கட்டவிடாமல் இவை தடுத்துவிடுகின்றன. வேகமாகப் பிரியும் புற்றணுக்கள் மட்டுமல்லாமல் மஜ்ஜையும் முடியின் வேர்களும் அதில் சிக்கிக்கொள்கின்றன. நரம்பு உயிரணுக்கள் பிரிவதில்லை. ஆயினும் அவற்றின் நீண்ட இழைக்குள் சரக்கு போய்வருவது அதே நுண்ணிழைகளின் வழியாகத்தான் என்பதால், விரல்கள் மரத்துப்போகின்றன.

பயமுறுத்துவதற்காக நான் மிகைப்படுத்த விரும்பவில்லை. இலையில் இந்த மருந்துப்பொருள்கள் மிக மிகச் சொற்பம். ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்கு ஏறத்தாழ 500 கிலோ உலர்ந்த இலை வேண்டும் என்பார்கள். வாய்வழிப் போனால் அவை சீராக உடலில் சேர்வதும் இல்லை. எனவே நான்கு இலைகளைத் தின்றவர் மறுநாளே மஜ்ஜை ஒடுங்கி விழுந்துவிடுவார் என்று நான் சொல்லவில்லை. என் கவலை வேறு. இந்தச் செடியில் ஆல்கலாய்டுகள் எனப்படும் வீரியமிக்க இரசாயனப் பொருள்கள் நூற்றுக்கு மேல் இருக்கின்றன. வேரில் உள்ளவற்றுள் சில இரத்தக்கொதிப்பைத் தாழ்த்தக்கூடியவை. எந்தத் தொட்டியில், எந்த வயதுச் செடியில், இலையிலா வேரிலா, எவ்வளவு இருக்கும் என்பது கண்ணால் பார்த்து அளக்கக்கூடியதன்று. மாதக்கணக்கில் நாள்தோறும் குடிப்பவருக்குப் பாதுகாப்பான அளவு இதுவென்று வகுத்த மருத்துவ முறை எதுவும் இல்லை. எலிகளிடமும் முயல்களிடமும் இலைச்சாறு சர்க்கரையைக் குறைத்ததாகப் பின்னாளில் ஆய்வுகள் வந்திருப்பது உண்மைதான். ஆனால் வாட்ஸ்அப் செய்தி அந்த முயலை விட்டுவிட்டு முடிவை மட்டும் சுமந்து வருகிறது.

இது நம் முன்னோர் ஆயிரம் ஆண்டுகளாகக் கைக்கொண்ட மருந்து என்ற வாதமும் நிற்காது. நித்தியகல்யாணியின் தாயகம் மடகாஸ்கர் தீவு. 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியத் தோட்டங்களின் வழியாக வெப்பநாடுகள் எங்கும் அழகுச்செடியாகப் பரவியது. நம் ஊர்களில் அது சுடுகாட்டு மல்லி என்று பெயர் பெற்றது, ஆடுமாடு கடிக்காமல் புறம்போக்கிலும் இடுகாட்டிலும் தானே மண்டிக் கிடந்ததால் இருக்க வேண்டும் என்பது என் ஊகம். ஆடு விலக்கியதை நாம் யோசித்துத் தொட்டிருக்கலாம்.

அக்காவுக்கு நேர்ந்தது இதுதான். அவர் மெட்ஃபார்மின், கிளிபிசைடு என்ற இரண்டு இனிப்புநீர் மாத்திரைகளைச் சாப்பிடுபவர். நான் பாத்திரத்தைப் பார்த்ததற்கு முந்தைய வாரம், கஷாயத்தைக் குடித்து, மாத்திரையையும் போட்டுக்கொண்டு, சொன்னபடி ஒன்றும் உண்ணாமல் ஈரச்சந்தைக்கு நடந்திருக்கிறார். மீன் கடையருகே உடல் வியர்த்துக் கைகள் நடுங்கிக் கண் இருட்டியிருக்கிறது. கடைக்காரர் உட்காரவைத்து இனிப்புப் பானம் வாங்கிக் கொடுத்ததால் தெளிந்திருக்கிறார். வீட்டுக்கு வந்து கருவியில் பார்த்தபோதும் இரத்தச் சர்க்கரை லிட்டருக்கு 3.4 மில்லிமோல்தான் இருந்தது, 4க்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரை என்று அவருக்குப் பல முறை சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அதை இலை செய்ததா, மாத்திரையோடு சேர்ந்த வெறும் வயிறு செய்ததா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. கிளிபிசைடு போட்டுக்கொண்டு உண்ணாமல் இருப்பது ஒன்றே போதும். அக்காவோ அதைக் கஷாயம் நன்றாக வேலை செய்வதற்கு அடையாளமாக எடுத்துக்கொண்டு, மாத்திரையை ஒன்றுவிட்டு ஒருநாள் ஆக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். எனக்கு நடுக்கம் தந்தது அந்த யோசனைதான்.

வேறு சிலருக்கு ஆபத்து இன்னும் அதிகம். கருவுற்றிருப்பவர்கள் இந்தச் செடியின் எந்தப் பகுதியையும் உட்கொள்ளவே கூடாது. மாதப்போக்கு மிகுந்தால் வேர்க்கஷாயம் கொடுக்கும் பழக்கம் உள்ள வீடுகள் இதை மனத்தில் கொள்ள வேண்டும். புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர், தம் மருந்தே இதிலிருந்துதானே வருகிறது என்று எண்ணி இலையைச் சேர்த்துக்கொள்வது மிகப் பெரிய தவறு. குளவி கொட்டிய இடத்தில் இலைச்சாற்றைப் பிழிந்து தடவும் பழக்கத்தைப் பற்றி எனக்குப் பெரிய அச்சம் இல்லை, கண்ணில் படாதவரை. அரளியும், சீனப் புத்தாண்டு நேரத்தில் இங்கே வீடுதோறும் வாங்கிவைக்கும் பாலைவன ரோஜாவும் நித்தியகல்யாணிக்குச் சொந்தக்காரச் செடிகள். அவற்றின் பால் இதயத்தையே தாக்கக்கூடியது. இளஞ்சிவப்புப் பூ, ஐந்து இதழ் என்ற அடையாளத்தை மட்டும் படத்தில் பார்த்துப் பறிப்பவர்கள் எதைப் பறிப்பார்களோ என்று நினைத்தால் தூக்கம் வருவதில்லை. குழந்தையோ பெரியவரோ இவற்றைத் தின்று வாந்தியோ மயக்கமோ வந்தால், வாந்தியெடுக்கவைக்க முயலாமல் அவசர மருத்துவ வண்டிக்கு 995ஐ அழைத்து, தின்ற செடியின் கிளையையும் வழக்கமான மாத்திரைகளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

அடுத்த முறை மருந்தகத்துக்கு நானும் அக்காவுடன் போனேன். மருத்துவர் இளவயதுப் பெண். திட்டவில்லை. எத்தனை வாரம், எந்த நேரம், உணவுக்கு முன்னா பின்னா என்று கேட்டுப் பதிவுசெய்துகொண்டு, இரத்த அணுக்களையும் ஈரலையும் சிறுநீரகத்தையும் பார்க்கச் சோதனைகள் எழுதித் தந்தார். முடிவுகள் நல்லபடியாகவே வந்தன. வீட்டுக்குத் திரும்பியதும், நிழலில் உலர்த்திப் பொடித்துப் புட்டியில் அடைத்துவைத்திருந்த இலைத்தூளை அக்காவே எடுத்துக் குப்பைக்குழாயில் கொட்டினார். கொட்டிய பிறகும் புட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவர், நான்காம் மாடிப் பாட்டிக்கும் ஒரு பொட்டலம் கொடுத்திருப்பதாக மெல்லச் சொன்னார். தேநீர்கூடப் போடாமல் இருவரும் மின்தூக்கியை நோக்கி நடந்தோம்.