பண்டலைப் பிரித்துப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்

ராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் மண்டபம் என்ற ஊரில், வீட்டுத் திண்ணையில் மெஷின் போட்டு, மிச்சத் துணியில் பை தைக்கிறேன். துணி வாங்கத் திருப்பூருக்குப் போய் நான் பட்ட பாட்டை, அடுத்து யாராவது கிளம்புவதற்குள் எழுதிவிட வேண்டும்.

ராத்திரி பஸ் ஏறி, மதுரையில் மாறி, விடிந்த பிறகு போய் இறங்கினேன். கடைக்காரர் பண்டலின் வாயை மட்டும் விரித்துக் காட்டினார். மேலே முழ நீளத்தில் நல்ல கெட்டித் துணி. 40 கிலோவுக்குப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டேன். பில் கேட்டதற்கு ஒரு துண்டுச் சீட்டில் தொகையை மட்டும் எழுதித் தந்தார். பார்சல் ஆபீஸில் அதைக் கையால்கூட வாங்கவில்லை. "பில் இல்லாம புக் பண்ண முடியாதுங்க" என்றுவிட்டார்கள். திரும்ப நடந்து வந்தால் கடை ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. முறையான பில் கைக்கு வர சாயங்காலம் ஆகிவிட்டது. பணத்தை எடுக்கும் முன்பே பில்லைக் கேளுங்கள்.

மூன்றாம் நாள் பண்டல் வந்தது. மேலே இரண்டு அடுக்குதான் கெட்டித் துணி. கீழே எல்லாம் மூன்று விரல் அகலப் பனியன் துணிக் கீற்று, அதிலும் பாதி எண்ணெய்க் கறை. போன் செய்தேன். "வேஸ்ட்டுன்னா அப்படித்தானுங்க இருக்கும்." அவ்வளவுதான் பதில். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

பனியன் துணி இழுத்த இழுப்புக்கு நீளும். அதில் கைப்பிடி வைத்தால் ரெண்டு கிலோ அரிசிக்கே பை முழங்காலில் இடிக்கும். சாதாரண ஊசியில் தையல் விட்டு விட்டு விழுந்தது. பனியன் துணிக்கென்றே இருக்கிற, முனை உருண்ட பால் பாயிண்ட் ஊசி மாற்றிய பிறகுதான் சரியானது. அந்தக் கீற்றுகளை எலாஸ்டிக் வைத்துத் தலைமுடி பேண்டாகத் தைத்தேன். ஸ்கூல் பிள்ளைகள் வாங்கிப் போனார்கள்.

அடுத்த அடி ஜிப்பில் விழுந்தது. ராமேஸ்வரத்தில் அக்னி தீர்த்தத்தில் முழுகி, கோயிலுக்குள் 22 தீர்த்தமும் ஆடி வருகிறவர்கள் ஈரத் துணியைச் சுமக்க இடமில்லாமல் தவிப்பார்கள். அவர்களுக்காக உள்ளே குடைத்துணி லைனிங் கொடுத்து 60 பை தைத்து ஒரு கடைக்குக் கொடுத்தேன். ஒரே மாதத்தில் பாதி திரும்பி வந்தது. ஜிப்பை இழுக்கிற இரும்பு ரன்னர் உப்புக் காற்றில் துருவேறி நகரவே இல்லை. ஓரமெல்லாம் செங்கல் நிறக் கறை. போதாததற்கு, ஒரு சிவப்புப் பை சாயம் விட்டு யாருடைய வெள்ளை வேட்டியையோ கெடுத்திருந்தது. இப்போதெல்லாம் வெட்டுவதற்கு முன் ஒவ்வொரு நிறத்தையும் ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பார்க்கிறேன். ரெண்டு நிமிஷ வேலைதான்.

வழி சொன்னது என் மதினி. "ஆச்சி வெத்தலைக்கு வச்சிருந்த சுருக்குப் பைக்கு ஏது ஜிப்பு? அதையே பெருசா தைய்யேன்" என்றாள். கயிற்றை வலைக் கடையில் எடுத்தோம், மெல்லிய நைலான் கயிறு. துருப்பிடிக்காது, ஈரத்தில் இற்றும் போகாது. ஒன்று மட்டும் கவனம்: வெட்டிய நுனியை மெழுகுவத்தியில் லேசாகக் காட்டுங்கள். உருகிக் குமிழ்போல இறுகிக்கொள்ளும், பிசிறு கிளம்பாது. உருகின நைலானைக் கையால் தொட்டுவிடாதீர்கள். என் கட்டைவிரலில் தழும்பு இருக்கிறது. ஜிப் பைகளைத் திருப்பி அனுப்பிய அதே கடைக்காரர் 30 சுருக்குப் பை வாங்கினார். அடுத்த வாரம் அவரே கூப்பிட்டு இன்னும் 100 கேட்டார்.

சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவை ஆதார், பான் வைத்து ஆன்லைனிலேயே முடித்தேன். அதற்குக் கட்டணம் கிடையாது, யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள்.

போன மாதம் மறுபடி திருப்பூர் போனேன், வேறு கடை. பண்டலைத் தரையில் கொட்டச் சொன்னேன். முகத்தைச் சுளித்தார், ஆனாலும் கொட்டினார். நானும் மதினியும் உட்கார்ந்து ஒவ்வொரு துண்டாகப் பிரித்து, 11 கிலோவைத் தள்ளி வைத்துவிட்டு மீதிக்கு மட்டும் பணம் கொடுத்தோம். பில்லை முதலிலேயே வாங்கிவிட்டோம்.