குடையும் கொடுகும்

டீச்சர் போட்ட டிக்கைச் சிவப்பு மையால் கோடு போட்டு அடித்தது தலைமையாசிரியரான நான்தான். பொங்கல் விடுமுறைக்கு முந்தின வாரம். மூன்றாம் வகுப்பில் அரும்பு நிலையில், அதாவது வாசிப்பின் முதல் படியில், இருந்த ஆறு பேரில் ஐந்து பேர் தேறியாகிவிட்டது. ஆறாவது பையன் மட்டும் பாக்கி.

அவனுக்கு வாசிக்கக் கொடுத்த பத்தி ஆறே வரி. பாட்டி சந்தைக்குப் போகிறாள், திரும்பும்போது பஸ்ஸில் குடையை மறந்துவிடுகிறாள். எழுத்து எழுத்தாகத் தடவி, எப்படியோ வாசித்து முடித்தான். "பாட்டி எதை மறந்தாள்?" என்று டீச்சர் கேட்டார். விழித்தான். உடனே அவர் அதையே தெலுங்கில், "அவ்வ ஏமி மர்ச்சிபோயிந்திரா?" என்றார். "கொடுகு" என்றான் பட்டென்று. தெலுங்கில் குடை. டிக் விழுந்தது. நான் பேனாவை வாங்கி அடித்தேன்.

"சார், புரிஞ்சுதான்னு பாக்கறோமா, தமிழ்ல கேட்டா புரியுதான்னு பாக்கறோமா?"

"எழுதி வெச்சதைத்தான் பாக்கணும் டீச்சர்."

பேச்சு அவ்வளவுதான். அவர் முகம் கூடச் சுளிக்கவில்லை. எனக்குத்தான் அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

எழுதி வைத்ததும் நான்தான். பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தில் வருடா வருடம் 'மாணவர்களின் வாசிப்புத் திறனை மேம்படுத்துதல்' என்று ஒரு வரி போடுவோம். யாரும் எதையும் கேட்க முடியாத வரி. அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் 2022இல் வந்தபோது, 2025க்குள் எட்டு வயதுக் குழந்தைகள் எல்லோருக்கும் அடிப்படை எழுத்தும் கணக்கும் வந்துவிட வேண்டும் என்று மேலே ஒரு தேதி வைத்தார்கள். மேலே தேதி இருக்கும்போது நம்மிடம் ஏன் இருக்கக் கூடாது என்று பெற்றோரும் இருக்கும் பள்ளி மேலாண்மைக் குழுவின் ஆகஸ்ட் கூட்டத்தில் நான்தான் பிடிவாதம் பிடித்தேன். மூன்றாம் வகுப்பில் பதினான்கு பேர், அரும்பில் ஆறு பேர், பொங்கலுக்குள் அந்த ஆறு பூஜ்யமாக வேண்டும். புதிய பத்தி ஒன்றைத் தானே வாசித்து, தமிழில் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். இதையெல்லாம் பழுப்பு சார்ட்டில் எழுதி ஒட்டினோம்.

விசைத்தறி ஓட்டும் ஒரு அம்மா அன்று கேட்டார்: "நாங்க துணிய மீட்டர்ல அளப்போம். இத எதுல சார் அளப்பீங்க?" எல்லோரும் சிரித்தோம். நான் சார்ட்டைக் காட்டினேன்.

டிக்கை அடித்ததற்கு என்னிடம் காரணம் இருக்கிறது. ஆறாம் வகுப்பில் எந்த வாத்தியாரும் இவனிடம் தெலுங்கில் கேட்கப் போவதில்லை. பள்ளிகளில் தமிழைக் கட்டாயப் பாடமாக்கிய 2006 சட்டம் வந்த பிறகு தமிழ் இல்லாமல் பத்தாவது தாண்டுவது இங்கே சுலபமில்லை. அப்புறம், ஒரு பையனுக்கு அளவுகோலை வளைத்தால் அடுத்த வருடம் ஆறு பேருக்கும் வளையும். என் வீட்டிலும் அம்மாவிடம் தெலுங்குதான் பேசினேன். திருத்தணிப் பக்கத்து ஊர்கள் 1960 ஏப்ரலில் ஆந்திராவிலிருந்து இந்தப் பக்கம் வந்தன. வீட்டுப் பேச்சு அதற்காக மாறிவிடவில்லை. என்னிடம் யாரும் தெலுங்கில் கேட்கவில்லை, நான் கற்றுக்கொள்ளவில்லையா?

இதைச் சொல்லும்போதே இன்னொன்றும் ஞாபகம் வருகிறது. என்னோடு ஒன்றாம் வகுப்பில் பாயில் உட்கார்ந்தவர்களில் பாதிப் பேர் ஐந்தாவதைத் தாண்டவில்லை. அவர்களிடமும் யாரும் தெலுங்கில் கேட்கவில்லை.

அந்தக் 'கொடுகு'தான் தொண்டையில் நிற்கிறது. பையன் வாசித்தது 'குடை'. சொன்னது கொடுகு. எழுத்தைக் கூட்டி, சொல்லைப் பிடித்து, அது என்ன பொருள் என்று கண்டுபிடித்து, வீட்டு மொழியில் திருப்பிக் கொடுத்திருக்கிறான். வாசிப்பு என்றால் வேறென்ன? அவனுக்குப் புரியாமல் போனது பத்தியா, கேள்வியா? பக்கத்தின் ஓரத்தில் குடைப் படம் இருந்திருக்கும், அதைப் பார்த்துச் சொல்லியிருப்பான் என்று ஒரு வாரம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு தாளை எடுத்துப் பார்த்தேன். படத்தில் பாட்டியும் ஒரு பையும்தான்.

இன்னொரு சந்தேகமும் உண்டு, சொல்லக் கொஞ்சம் கூச்சம். ஆறுக்கு ஆறு என்று காட்டினால் எங்களுக்கு மேலே இருக்கும் வட்டார வள மையத்தில் நம்ப மாட்டார்கள். ஆறில் ஐந்து என்றால் நேர்மையாகத் தெரியும். அந்தக் கணக்கு அன்று என் மனதில் இருந்ததா? இல்லை என்றுதான் நினைக்கிறேன். நினைக்கிறேன், அவ்வளவுதான்.

விடுமுறைக்குப் பிறகு தினமும் அரை மணி நேரம் அவனை என் அறையில் உட்கார வைத்தேன். மார்ச்சில் வேறொரு பத்தி கொடுத்து, தமிழில் கேட்டு, தமிழில் பதில் வாங்கினேன். நானே டிக் போட்டேன். அந்தப் பத்தி என்னிடம் இருந்த நான்கில் ஒன்று. நான்கையும் அவன் எத்தனை தடவை பார்த்திருப்பான் என்று எனக்குத் தெரியும். டீச்சர் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு வகுப்புக்குப் போனார்.

அரும்புக்கு அடுத்த படியான மொட்டில் இருந்த நான்கு பேர் ஆகஸ்டில் எங்கே நின்றார்களோ அங்கேயே நின்றார்கள். அவர்கள் பெயரில்தான் இலக்கு எதுவும் இல்லையே.

டீச்சர் கலந்தாய்வில் மாறுதல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். என்னால் என்று சொல்ல முடியாது, அவர் வீடு அந்தப் பக்கம். இந்த வருடத்துச் சார்ட்டில் 'கேள்வியைக் குழந்தைக்குப் புரியும் மொழியில் கேட்கலாம்' என்று எழுதினேன். மறுநாள் காலையில் வந்து அதை அடித்தேன். மத்தியானம் அதற்குப் பக்கத்தில் திரும்பவும் எழுதினேன், பென்சிலால். வெள்ளிக்கிழமை கூட்டம். தறி ஓட்டும் அந்த அம்மா வருவார்.