குப்புறப் படுக்க வைத்து எடுத்த ஸ்கேன்

அப்பாவுக்கு இருமலில் ரத்தம் வந்தது. கோத்தகிரியில் எடுத்த எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் மேல்பக்கம் உருண்டையாக ஏதோ தெரிந்தது. பல வருஷம் பீடி குடித்தவர், வயதும் 60 தாண்டிவிட்டது. "கேன்சர் மாதிரி இருக்கு, பெட் ஸ்கேன் எடுத்துடுங்க" என்றார்கள். அன்று வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை.

மேட்டுப்பாளையம் வழியாகக் கோவைக்குப் போனோம். அங்கே நுரையீரல் டாக்டர் முதலில் கேட்டதே பழைய எக்ஸ்ரே இருக்கிறதா என்றுதான். இளவயதில் அப்பாவுக்கு டி.பி. வந்து குணமானது. அந்த பிலிமை அம்மா தகரப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தார். இப்போது உருண்டை இருக்கும் அதே இடத்தில் அன்று ஒரு குழி! டி.பி. ஆறினாலும் சிலருக்குக் குழி அப்படியே நின்றுவிடுமாம். காற்றில் எங்கும் மிதக்கும் அஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சை அதில் குடியேறிப் பந்தாகத் திரளும். மட்கும் இலைதழையில் செழிக்கிற பூஞ்சை அது. அப்பா காலமெல்லாம் தேயிலைத் தோட்டத்தில் இருந்தவர். டி.பி. வந்துபோன வீடுகளில் பழைய பிலிமைத் தயவுசெய்து தூக்கிப் போடாதீர்கள்.

பெட் ஸ்கேன் இப்போது வேண்டாம் என்றார் டாக்டர். அதில் ஏற்றும் சர்க்கரை மருந்தைப் புற்றும் இழுக்கும், தொற்றுள்ள இடமும் இழுக்கும், இரண்டுமே ஒளிரும். சி.டி. எடுத்தார்கள். மல்லாந்த நிலையில் முடித்துவிட்டு, "ஐயா, இப்போ குப்புறப் படுங்க" என்று மறுபடி எடுத்தார் ரேடியாலஜிஸ்ட். திரையில் என்னையும் பார்க்கச் சொன்னார். முதல் படத்தில் பந்து முதுகுப் பக்கம் கிடந்தது, மேலே பிறை போலக் கறுப்பாகக் காற்று. இரண்டாவதில் பந்து நெஞ்சுப் பக்கம் உருண்டிருந்தது! புற்றுக்கட்டி சதையோடு வேர்விட்டு வளர்வது, பொதுவாக இப்படி இடம் மாறாது. பந்தின் மேல் வட்டம் போட்டு அடர்த்தியையும் அளந்தார். ரத்தத்தில் கலந்து படத்தில் பளிச்சென்று தெரியும் டை ஊசிக்கு முன்னும் பின்னும் எண் ஏறவே இல்லை. ரத்த ஓட்டம் உள்ள கட்டியாக இருந்தால் ஏறியிருக்கும்.

ஆனாலும் படத்தோடு விடவில்லை. டி.பி. தழும்பில் புற்றும் வரலாம் என்பதால் குழியின் சுவர்த் தடிமனைப் பார்த்தார்கள், குழாய் விட்டு மாதிரி எடுத்தார்கள். புற்றணு இல்லை. ரத்தத்தில் அந்தப் பூஞ்சைக்கான எதிர்ப்புப் பொருள் அதிகம். அப்புறம்தான் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

இப்போது பூஞ்சைக்கு இட்ரகோனசோல் மாத்திரை, இடையிடையே ஈரல் பரிசோதனை. ரத்தம் அதிகமாக வந்தால் அறுவை சிகிச்சை பற்றி யோசிக்கலாம் என்றிருக்கிறார் டாக்டர். அளவை ஒப்பிட வசதியாக அடுத்த சி.டி.யையும் அதே ஸ்கேன் மையத்தில்தான் எடுக்கப் போகிறோம்.