401இல் ஏறுவதற்கு முன்

கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் பஸ் இருக்கும்போது கார் எதற்கு என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன். தனியே ஓட விடும் இடைநிலை லைசென்ஸான G2 கைப்பையில் கிடந்தது. மைனஸ் 20இல் பிள்ளையோடு 54ஆம் இலக்க பஸ்ஸுக்குக் காத்து நின்றாலும் நிற்பேன், ஸ்டியரிங்கைத் தொடமாட்டேன்.

ஊரில் ஸ்கூட்டி ஓடியவள் நான். யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளில் தெரியாத பயம், 401 என்ற பெரிய ஹைவேயில் ஒரு பெரிய ட்ரக் எங்கள் காரை உரசுவதுபோல் கடந்துபோன பிறகு வந்தது. அன்று ஓடியது இவர்தான். காரில் ஒரு கீறல்கூட விழவில்லை. ஆனால் அதன்பிறகு சாரதி சீற்றில் இருந்தாலே எனக்கு நெஞ்சு படபடக்கும், விரல் விறைக்கும், மூச்சு முட்டும். "ஓட ஓடப் பழகிவிடும்" என்றார் இவர். தெருவுக்கு இறங்கவே முடியாதவளுக்கு எங்கே பழகும்?

குடும்ப வைத்தியரிடம் சொன்னேன். பதற்றத்துக்கு உளச்சிகிச்சை தரும் ஒன்ராறியோ ஸ்ட்ரக்சர்ட் சைக்கோதெரபி என்ற மாகாணத் திட்டத்துக்கு எழுதிக்கொடுத்தார். மாகாண மருத்துவக் காப்புறுதியான ஓஹிப் காட் இருந்தால் காசில்லை. "விசர் டொக்டரிட்டையோ போறாய்?" என்று மாமி பதறினா. "பல்லுக்குப் போற மாதிரித்தான் மாமி" என்றேன்.

அங்கே என்னைக் கட்டிப்போட்டிருந்தது எது என்று விளங்கியது. ஹைவே வேண்டாம் என்று ஜிபிஎஸ்ஸில் போட்டுவைப்பது, இவர் பக்கத்தில் இருந்தால் மட்டும் ஓடுவது, எதிரே வரும் வாகனங்களைக் குறுக்கறுத்து இடப்பக்கம் திரும்புவதைத் தவிர்க்கச் சுற்றிப்போவது: எல்லாமே அந்த நேரத்துக்கு ஆறுதல் தரும், ஆனால் பயத்தை வளர்க்கும்.

ஒருநாள் மெல்லிய ஸ்ட்ரோ ஒன்றைத் தந்து, மூக்கைப் பொத்திக்கொண்டு அதனூடாக மூச்செடுக்கச் சொன்னா சிகிச்சையாளர். காரில் வரும் அதே படபடப்பு, அதே மூச்சுமுட்டல்! கதிரையில் இருந்தபடியே வந்தது, கொஞ்ச நேரத்தில் தானாகவே அடங்கியது. இதயம் வேகமாக அடித்தால் செத்துவிடுவேன் என்று அதுவரை உண்மையாகவே நம்பியிருந்தேன்.

பிறகு பயப் பட்டியல் எழுதினோம். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 100 வரை புள்ளி. எஞ்சினைப் போட்டுவிட்டுச் சும்மா இருப்பது 20. ஞாயிறு காலை பிளாசா பார்க்கிங்கில் ஓடுவது 35. மார்க்கம் றோட்டில் இடப்பக்கம் திரும்புவது 60. 401, 95. புள்ளி பாதியாவது இறங்கும்வரை அந்தப் படியை விட்டு விலகக்கூடாது. எனக்கு மிகவும் கஷ்டமானது அதுதான். சில படிகளில் பல வாரம் நின்றேன், அழுதும் இருக்கிறேன்.

பிறகு ஒருநாள் மார்க்கம் றோட்டில் 401 ஏறி மோர்னிங்சைட்டில் இறங்கினேன். பயிற்றுநருக்கும் பிரேக் உள்ள இரட்டை பிரேக் கார், பக்கத்து சீற்றில் தமிழ் பயிற்றுநர். ஏறுபாதையிலேயே வேகத்தை ஹைவே ஓட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும், பயந்து 60 கிலோமீற்றர் வேகத்தில் நுழைவதுதான் ஆபத்து என்று அவர் முதலே சொல்லியிருந்தார். கை வியர்த்தது. மிதித்தேன். இடைவெளி கிடைத்தது, நுழைந்தேன்.

இப்போது பிள்ளையை நீச்சலுக்கு நான்தான் கூட்டிப்போகிறேன். ஹைவேயில் ஓடிக்காட்ட வேண்டிய, முழு லைசென்ஸுக்கான G தேர்வுக்கும் நாள் எடுத்தாயிற்று. பட்டியலில் ஒன்று மிச்சம்: ஸ்னோ கொட்டும் மாலையில் தனியே 401. அதை இந்த மாரிக்குத் தொடங்குகிறோம்.