இரண்டு சுவிட்ச், ஒரே பெட்டி: கல்லடியில் ஒரு போயா நாள்

மட்டக்களப்பு கல்லடியில் நான் பார்த்துக்கொடுக்கும் ஒரு சின்ன அலுவலகத்தில், கணினிகளை நெட்டில் இணைக்கும் பெட்டியான சுவிட்ச் ஒன்றுதான் எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டிருந்தது. எச்பிஇ நிறுவனத்தின் 5130 ரகம், 24 போர்ட். அது விழுந்தால் மூன்று மாடியும் விழும். அதே ரகத்தில் இன்னொன்று வாங்கித் தந்தார்கள். இரண்டையும் இணைத்து ஒரே சுவிட்ச் போல ஓடவைக்க வேண்டும். இந்த ரகத்தில் அதற்குப் பெயர் ஐஆர்எஃப். சேர்ந்த பிறகு ஒரே ஐபி, ஒரே கொன்ஃபிகுரேஷன்.

பௌர்ணமி விடுமுறையான போயா நாளாகப் பார்த்துப் போனேன். உதவிக்கு ஒரு தம்பி. காலையிலேயே புதியதை மேசையில் வைத்துக் கரண்ட் கொடுத்து, கூட்டில் அது எத்தனையாவது பெட்டி என்று சொல்லும் மெம்பர் எண்ணை 2 ஆக்கி ரீபூட் செய்தேன். புதிதாக வரும்போது எல்லாமே 1 தான். இரண்டு 1 ஒன்றாகச் சேராது. இந்த எண்ணை வெறும் சுவிட்சில்தான் மாற்ற வேண்டும். போர்ட் பெயரின் முதல் எண் இதுதான்; ஓடிக்கொண்டிருப்பதில் மாற்றினால் 1/0/5 என்ற போர்ட் 2/0/5 ஆகிவிடும். பழைய பெயரில் எழுதி வைத்ததெல்லாம் செல்லாமல் போகும்.

பழையதில் இருந்த மென்பொருள் பதிப்பு கொஞ்சம் பின்தங்கியது. இரண்டும் ஒரே பதிப்பில் இருக்கட்டும் என்று அதைப் புதுப்பித்து ரீபூட் செய்தேன். இதை நினைவில் வையுங்கள்.

அந்த 24 க்கு அப்பால் இருக்கும் 27, 28 ஆம் பத்து ஜிகாபிட் போர்ட்களை இரண்டிலும் ஐஆர்எஃப் போர்ட் 1 இல் (பெட்டிகளைச் சேர்க்க மென்பொருளில் மட்டும் இருக்கும் போர்ட்) கட்டிக் கேபிளைச் செருகினேன். அசையவில்லை. அரை மணித்தியாலம் கேபிளைச் சந்தேகித்த பிறகுதான் உறைத்தது: ஒன்றின் ஐஆர்எஃப் போர்ட் 1, மற்றதன் போர்ட் 2 உடன்தான் சேரும். புதியதில் மாற்றிக் கட்டினேன். உடனே பிடித்துக்கொண்டது.

ஆனால் ரீபூட் ஆனது பழையது! மூன்றாம் மாடியில் மாதக் கணக்கு முடிக்க வந்திருந்த அக்கா படிக்கட்டில் நின்று, "தம்பி, நெட் இல்ல" என்றார். பழையது எழும்பி வந்ததும் பார்த்தால், நெட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து வைத்திருந்த விலான் ஒன்றும் இல்லை. புதிய வெறும் பெட்டி தலைவனாகி, தன் வெறுமையைப் பழையதன் மேல் போர்த்திவிட்டது.

காரணம் எளிது. தலைவனைத் தெரிவு செய்ய முதலில் முன்னுரிமை எண் பார்க்கப்படும். இரண்டிலும் அது 1 ஆகவே இருந்தது. நான் தொடவே இல்லை. சமமானால் அதிக நேரம் ஓடியதுதான் வெல்லும். புதியது காலையிலிருந்து மேசையில் ஓடுகிறது, பழையது சற்றுமுன்தான் ரீபூட் ஆனது.

"சேவ் பண்ணட்டா அண்ணன்?" என்றான் தம்பி, விரல் விசைப்பலகையில். கையைப் பிடித்து இழுத்தேன். சேவ் செய்திருந்தால் இரண்டு பெட்டியிலும் அந்த வெறுமைதான் எழுதப்பட்டிருக்கும். கேபிளை உருவிப் பழையதைத் தனியாக ரீபூட் செய்தோம். தன் பழைய அமைப்போடு எழும்பியது. லேப்டாப்பில் ஒரு பிரதியும் வைத்திருந்தேன், ஆனாலும் வியர்த்தது வியர்த்ததுதான்.

பிறகு பழையதற்கு முன்னுரிமை 32, அதுதான் உச்சம். சேவ் செய்து கேபிளைச் செருகினேன். இம்முறை ரீபூட் ஆனது புதியது.

இனி மாடிகளிலிருந்து வரும் இணைப்புகள். முன்பு இரண்டு வயர் இழுத்தால், தரவு சுற்றிச் சுற்றி ஓடும் வளையம் வராதபடி ஸ்பானிங் ட்ரீ என்ற ஏற்பாடு ஒரு வயரைப் பூட்டிவிடும். கல்லடியில் இரண்டு பாலம் நிற்க ஒன்றில் தடை போட்டது போல. இப்போது ஒரு வயர் பெட்டி 1 இல், மற்றது பெட்டி 2 இல், இரண்டும் சேர்ந்து ஒரே இணைப்பு.

இரண்டு ஐஆர்எஃப் கேபிளும் ஒரே நேரத்தில் அறுந்தால்? இரண்டு பெட்டியும் தலைவனாகி ஒரே ஐபியுடன் சண்டை போடும். இரண்டு தலைவர் இருப்பதைக் கண்டுபிடித்து ஒன்றை ஒதுக்கத்தான் மேட் என்ற ஏற்பாடு. தனி விலானில் தனிக் கேபிள் ஒன்று போட்டு, அந்தப் போர்ட்களில் ஸ்பானிங் ட்ரீயை நிறுத்தி, பெட்டிகள் அந்தக் கேபிளில் ஒன்றையொன்று சோதிக்கும் பிஎஃப்டி முறையில் அமைத்தேன். கேபிள்களை உருவிப் பார்த்தோம்: பெட்டி 2 தன் போர்ட்களை மூடிக்கொண்டு ஒதுங்கியது. திரும்பச் செருகியதும் தானே ரீபூட் ஆகிச் சேர்ந்தது.

கடைசியாக, மேலே லேப்டாப்பில், பதில் வருகிறதா என்று கேட்டுக்கொண்டே இருக்கும் பிங் ஓடவிட்டுப் பழையதன் கரண்டைப் பிடுங்கினேன். ஒன்றிரண்டு தவறி மறுபடி ஓடியது. "நெட் போச்சா அக்கா?" என்று தம்பி கீழேயிருந்து கத்தினான். "எப்ப போச்சு?" என்றார் அவர்.