வேலூர் கொசப்பேட்டையிலிருந்து காந்தி நகருக்கு: வீடு மாற்றும் வாரம்

மே 31, 2025, சனி

மாற்றும் நாள் ஜூன் 8, ஞாயிறு. அன்று எமகண்டம் 12 முதல் 1.30, ராகு காலம் மாலை 4.30 முதல் 6. காலை முழுவதும் கையில் இருக்கிறது. ஆடி பிறந்துவிட்டால் பெரியவர்கள் பேச்சே எடுக்க விடமாட்டார்கள்.

முதல் வேலை புது வீட்டில் டேப் பிடிப்பது. எல்லோரும் வாசல் அகலத்தை அளந்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். ஆறரை அடி பீரோ வாசலில் சிக்காது, மாடிப்படித் திருப்பத்தில்தான் சிக்கும். அங்கே தலைக்கு மேல் எவ்வளவு இடம் என்றும் பார்க்க வேண்டும்.

வண்டி: சின்ன யானையின் (டாடா ஏஸ்) தொட்டி ஏழு அடி நீளம், அகலம் ஐந்துக்குக் கொஞ்சம் குறைவு, சுமை 750 கிலோ. இரண்டு படுக்கையறைச் சாமானுக்கு மூன்று நடை வைத்துக்கொள்ளலாம். 14 அடி லாரி ஒரே நடையில் முடிக்கும், ஆனால் கொசப்பேட்டைச் சந்துக்குள் திரும்பாது. முனையில் நிறுத்தினால் தூக்குக்கூலி ஏறும். வாடகை நடைக்கா நாளுக்கா, ஏற்றி இறக்குவது சேர்த்தா, மாடிக்குத் தனியா என்று இன்றே பேசி முடிக்க வேண்டும். இறக்கும்போது பேசினால் வண்டிக்காரர் சொன்னதுதான் விலை.

ஜூன் 2, திங்கள்

மண்டித் தெரு மளிகைக் கடைகளில் காலி அட்டைப்பெட்டி கிடைக்கும். சோப்பு, பிஸ்கட் பெட்டிகள் நல்லவை. எண்ணெய் பட்ட பெட்டி வேண்டாம், அடி பிய்ந்துவிடும்.

புத்தகம் சின்னப் பெட்டியில், 15 கிலோவுக்குள். பீங்கான் தட்டுகளைப் படுக்க வைத்தால் மேலிருக்கும் கனமெல்லாம் அடித்தட்டில் இறங்கும். செங்குத்தாக நிறுத்தி, இடையில் பழைய பருத்திச் சேலை. கத்திரி முடிந்தாலும் வேலூர் வெயில் முடிவதில்லை. வராண்டாவில் வைத்த பெட்டியில் டேப் பசை இளகிவிடும், மேலே சணல் கயிறும் கட்டுவது நல்லது.

அறையின் பெயரையும் எண்ணையும் பெட்டியின் பக்கவாட்டில் எழுத வேண்டும். மேலே எழுதினால் அடுக்கியபின் தெரியாது.

ஜூன் 5, வியாழன்

கேஸ் ஏஜென்சியில் முகவரி மாற்றம். அடுத்து மின்கணக்கு, இதில்தான் சண்டை வருகிறது. கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. 500 யூனிட்டைத் தாண்டினால் அதற்குக் கீழுள்ள சில யூனிட்டுகளின் விலையும் கூடிவிடும். நடுவில் காலி செய்பவர், பின்னால் குடிவருபவர் இருவர் யூனிட்டும் ஒரே பில்லில் விழும். சாவி கைமாறும் அன்று இரு வீட்டு மீட்டரையும் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிட வேண்டும்.

ஜூன் 6, வெள்ளி

நாளை பக்ரீத். டேப், கயிறு, தார்ப்பாய் இன்றே வாங்கியாக வேண்டும். சாயங்கால இடிமழை சொல்லிக்கொண்டு வராது.

ஜூன் 7, சனி

காலையிலேயே ஃப்ரிட்ஜை அணைத்து, கதவைத் திறந்து, பனி உருகவிட்டுத் துடைக்க வேண்டும். கிரைண்டர் கல்லை வெளியே எடுத்துத் தனியாகச் சுற்றணும். உள்ளேயே விட்டால் வண்டி குலுங்கும்போது டிரம்மை இடித்து நசுக்கிவிடும். முன்பக்கம் திறக்கும் வாஷிங் மெஷினுக்கு, வாங்கியபோது கழற்றிய போல்ட்டுகளைத் திரும்ப மாட்டணும். அதைத் தூக்கிப் போட்டவர்கள்தான் அதிகம்.

இன்வெர்ட்டர் பேட்டரி 150 ஏ.எச். என்றால் 55 கிலோ வரும். இன்வெர்ட்டரை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, முதலில் நெகட்டிவ் வயர். இரண்டு பேர் தூக்க வேண்டும், சாய்க்கவே கூடாது, ஆசிட் வழியும்.

கட்டில் போல்ட்டுகளைத் துணிப்பையில் போட்டு அந்தக் கட்டில் சட்டத்திலேயே கட்டிவிடலாம்.

ஜூன் 8, ஞாயிறு

5 மணிக்குப் புது வீட்டில் பால் காய்ச்சு. சாமி படம், விளக்கு, உப்பு, அரிசி, நிறைகுடம் கையோடு. ஊறுகாய் ஜாடி மடியில். வண்டியில் போனால் எண்ணெய் கசியாமல் இருக்காது.

6 மணிக்கு முதல் நடை: காலி பீரோ, கட்டில் சட்டம், ஃப்ரிட்ஜ். கனமானது கேபின் பக்கம், ஃப்ரிட்ஜ் நின்றபடி. சமையல் பெட்டி, மெத்தை, வாளி, துடைப்பம் கடைசி நடையில் கடைசியாக ஏற வேண்டும். இறங்கியதும் தேவைப்படுவது அவைதான். சிலிண்டர் ரெகுலேட்டர் கழற்றி, மூடி போட்டு, நிமிர்த்தி, தனியாக. கிரீன் சர்க்கிளில் நெரிசல் கூடுமுன் இரண்டு நடையாவது பாலாற்றுப் பாலத்தைத் தாண்டி, காந்தி நகர் போகும் வழியில் விருதம்பட்டில் இருக்க வேண்டும்.

நின்றபடி வந்த ஃப்ரிட்ஜுக்கு நாலு மணி நேரம் ஓய்வு. வழியில் படுக்க வைத்திருந்தால் கம்ப்ரசர் எண்ணெய் குழாயில் ஏறியிருக்கும், மறுநாள் காலைதான் போடலாம்.

ஜூன் 9, திங்கள்

பழைய வீட்டுச் சாவி கொடுக்குமுன் பரணில் கை விட்டுப் பார்க்கணும். கொலு பொம்மைப் பெட்டி அங்கேதான் இருக்கும்.