எதெல் பேரிமோரைத் தேடி: பிலடெல்ஃபியாவும் நியூயார்க்கும்

பத்து நிமிடச் சவாரிக்கு எண்பத்தைந்து டாலர்! நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்துக்குப் போகிறவர்கள் வேறு எதைப் படிக்காவிட்டாலும் இந்தப் பத்தியைப் படித்துவிடுங்கள். பூ, விளக்கு, பாட்டு எல்லாம் வைத்த சைக்கிள் ரிக்‌ஷாக்கள் அங்கே வரிசையாக நிற்கும். சித்திக்கு முட்டிவலி. 41-ஆம் தெருவிலிருந்து 47-ஆம் தெரு வரை ஆறு தெருதானே என்று ஏறினோம். கட்டண அட்டையில் ஒரு தொகை கொட்டை எழுத்தில் இருந்தது. அது நிமிடத்துக்கான தொகை என்பது கீழே பொடி எழுத்தில். ஒவ்வொரு சிக்னலிலும் நின்ற நேரமும் சேர்த்தி, அதற்கு மேல் 'சேவைக் கட்டணம்' என்று ஒன்று. சித்தி விடவில்லை. "எந்த ஊர் நியாயம் இது, போலீஸைக் கூப்பிடட்டுமா?" என்று நடுத்தெருவில் குரல் உயர்த்தியதும் எண்பத்தைந்து அறுபதாக இறங்கியது. அறுபதும் கொள்ளைதான். நிமிடக் கட்டணத்தைத் தெளிவாக எழுதி வைக்க வேண்டும் என்பது அந்த நகரத்துச் சட்டம். ஏறும் முன் அட்டையைப் படம் எடுங்கள், மொத்தம் எவ்வளவு என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நாங்கள் போனது எதெல் பேரிமோர் என்ற நாடக நடிகையின் தடங்களைப் பார்க்க. பேரிமோர் என்றதும் பலருக்கு சினிமா நடிகை ட்ரூ பேரிமோர்தான் நினைவுக்கு வருவார். எதெல், ட்ரூவின் தாத்தா ஜானுக்கு அக்கா. 1944-இல் வந்த படத்துக்கு ஆஸ்கர் வாங்கியவர் என்று இணையத்தில் முதல் வரியிலேயே போட்டுவிடுகிறார்கள். அதற்கு முன் ஐம்பது வருடம் மேடையில் நின்றவரை ஒரு ஆஸ்கரை வைத்து அறிமுகப்படுத்துவது எனக்கு ஒப்பவே இல்லை. அவர் இடம் மேடை. அதனால்தான் ஹாலிவுட் பக்கமே போகாமல் பிலடெல்ஃபியாவுக்கும் நியூயார்க்கின் நாடகத் தெருவான பிராட்வேக்கும் போனோம்.

நம்மவர்களுக்கு ஒரு தகவல். எதெலின் அப்பா மாரிஸ் பேரிமோர் 1849-இல் பிறந்தது நம் ஆக்ராவில். அவருடைய அப்பா கிழக்கிந்தியக் கம்பெனியில் நில அளவையாளர். மாரிஸின் இயற்பெயர் ஹெர்பர்ட் பிளைத். பேரிமோர் என்பது நாடகத்துக்காக அவர் வைத்துக்கொண்ட பெயர்.

நியூயார்க்கிலிருந்து பிலடெல்ஃபியா சுமார் 150 கிலோமீட்டர். இரண்டு மணி நேரம் என்று சொல்லி விற்ற மலிவு விலை பஸ், நாலரை மணி நேரம் எடுத்துக்கொண்டது. சுரங்கப்பாதை நெரிசலில் ஒரு மணி நேரம் போனதை மன்னிக்கலாம். ஆனால் ஏ.சி. வேலை செய்யாத பஸ்ஸைக் கோடை மதியத்தில், திறக்க முடியாத கண்ணாடி ஜன்னல்களோடு ஓட்டுவதை எப்படி மன்னிப்பது? கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. பக்கத்து இருக்கைப் பாட்டி கைக்குட்டையை நனைத்து நெற்றியில் போட்டுக்கொண்டே வந்தார். ஓட்டுநரிடம் கேட்டால், "புகார் எண்ணுக்குப் பேசுங்கள்" என்றார். அந்த எண்ணில் இசைதான் வந்தது. கடைசியில் ஒரு சாலையோரத்தில் இறக்கிவிட்டுப் போனார்கள்.

அந்தக் கோபத்தையெல்லாம் ஒரு சாப்பாடு தீர்த்து வைத்தது. ரீடிங் டெர்மினல் மார்க்கெட், 1893-இலிருந்து இருக்கும் சந்தை. பழைய ரயில் கொட்டகைக்குக் கீழே, காய்கறி, மீன், இறைச்சி, பலகாரம் என்று வரிசை வரிசையாகக் கடைகள். ஆமிஷ் என்ற பழமை மாறாத கிறிஸ்தவக் குழுவைச் சேர்ந்த பெண்கள் மாவை உருட்டி, முறுக்கிச் சுட்டு, அடுப்பிலிருந்து வந்த கையோடு உருக்கிய வெண்ணெயில் முக்கித் தருகிற பிரெட்சலை நின்றபடியே சாப்பிட்டோம். வெளியே மொறுமொறு, உள்ளே பஞ்சு, விரல் நுனியில் உப்பும் வெண்ணெயும். அடுத்து நான் வறுத்த பன்றி இறைச்சி சாண்ட்விச் வாங்கினேன். கார்ப்பான பாலாடைக்கட்டி, லேசாகக் கசக்கும் கீரை, ரொட்டி முழுக்க ஊறிய சாறு. அமெரிக்காவில் நான் சாப்பிட்டதிலேயே இதுதான் முதலிடம், சந்தேகமே இல்லை. சித்திக்கு பாசெட்ஸ் ஐஸ்கிரீம். இரண்டு பேருக்கும் சேர்த்து நாற்பது டாலருக்குள் முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், ஆமிஷ் கடைகள் மூடியிருக்கும்.

பாசெட்ஸ் கம்பெனி தொடங்கிய 1861-இல்தான் எதெலின் பாட்டி லூயிசா லேன் ட்ரூ இதே ஊரில் ஆர்ச் தெரு நாடக அரங்கின் நிர்வாகத்தை ஏற்றார். ஒரு பெண் அரங்கம் நடத்துவதே அபூர்வமான காலம். அவர் முப்பது வருடத்துக்கு மேல் நடத்தினார், நடித்துக்கொண்டே. எதெலும் அண்ணன் லயனலும் தம்பி ஜானும் வளர்ந்தது பெரும்பாலும் அந்தப் பாட்டியின் நிழலில்தான். சந்தையிலிருந்து ஆர்ச் தெருவிலேயே நடந்து ஆறாம் தெருப் பக்கம் போனோம். அரங்கத்தை 1936-இல் இடித்துவிட்டார்கள். பார்க்க ஒன்றும் இல்லை.

எதெல் 1879-இல் பிறந்தவர். கான்வென்டில் படித்த அந்தப் பெண்ணுக்குப் பியானோ கலைஞராக வேண்டும் என்றுதான் ஆசை. 1893-இல் நோயோடு கலிஃபோர்னியா போன அம்மாவோடு துணைக்குப் போனார். அம்மா அங்கேயே இறந்துபோனார். மகளுக்குப் பதினான்கு வயதுகூட நிரம்பவில்லை. அடுத்த வருடமே பாட்டியோடு மேடை ஏறினார். குடும்பத்துக்குக் காசு வேண்டும், குடும்பத்துக்குத் தெரிந்த தொழில் அது ஒன்றுதான். 'ராஜ குடும்பம்', 'பிறவிக் கலைஞர்' என்று எழுதுகிறவர்கள் இந்த இடத்தை வேகமாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது.

வால்நட் தெரு அரங்கம் இன்னும் இருக்கிறது. 1809-இல் தொடங்கியது, அமெரிக்காவிலேயே தொடர்ந்து நடந்துவரும் மிகப் பழைய அரங்கம். ஒன்பதாம் தெரு முனையில், வெள்ளைத் தூண்களோடு அடக்கமாக நிற்கிறது. 1901 தொடக்கத்தில் 'கேப்டன் ஜிங்க்ஸ்' நாடகத்தை நியூயார்க்குக்குக் கொண்டுபோகும் முன் இங்கேதான் வெள்ளோட்டம் பார்த்தார்கள். எதெல் அதில்தான் முதன்முறையாகக் கதாநாயகி. இருபத்தொரு வயது, பயத்தில் குரலே எழும்பவில்லை. மேல்தட்டிலிருந்து ஒருவர் கத்தினாராம்: உரக்கப் பேசு எதெல், உங்கள் ட்ரூ குடும்பத்தில் எல்லாரும் நல்ல நடிகர்களாச்சே! பாட்டியின் ஊர், பாட்டியின் ரசிகர்கள். அடுத்த மாதம் நியூயார்க்கில் நாடகம் பிய்த்துக்கொண்டு ஓடியது. தயாரிப்பாளர் சார்லஸ் ஃப்ரோமன் எதெலின் பெயரை வாசலில் மின்விளக்கில் போட்டார்.

குடும்பக் கல்லறை இருக்கும் மவுன்ட் வெர்னன் இடுகாட்டுக்கும் போனோம். வாசல் பூட்டியிருந்தது, கம்பி வழியாகப் புல்லும் செடியும்தான் தெரிந்தன. எதெலை அடக்கம் செய்தது இங்கே இல்லை, லாஸ் ஏஞ்சலஸில். நேரம் குறைவு என்றால் இதை விட்டுவிடலாம்.

இனி நியூயார்க். டைம்ஸ் சதுக்கத்தில் 46-ஆம் தெருவும் ஏழாம் அவென்யூவும் சேரும் வடகிழக்கு மூலைக்குப் போங்கள். விளம்பரத் திரைகளைப் பார்க்காமல், 46-ஆம் தெருப் பக்கச் சுவரில் கொஞ்சம் மேலே பாருங்கள். முன்னாளில் ஐ. மில்லர் என்ற செருப்புக் கடை இருந்த கட்டடம். நாடகக்காரர்களின் செருப்புக் கடை என்று சுவரிலேயே செதுக்கியிருக்கிறார்கள். நான்கு மாடங்களில் நான்கு பெண்களின் வெள்ளைப் பளிங்குச் சிலைகள், கீழே பெயர்கள். நாடகத்துக்கு ஒருவர், இசை நாடகத்துக்கு ஒருவர், ஆப்பராவுக்கு ஒருவர், சினிமாவுக்கு ஒருவர். நாடகத்துக்கு நிற்பவர்தான் எதெல், ஷேக்ஸ்பியரின் 'ஹாம்லெட்' நாடகத்து ஒஃபீலியா வேடத்தில். 1925-இல் அவர் நடித்த வேடம் அது. செதுக்கியவர் அலெக்சாண்டர் ஸ்டர்லிங் கால்டர், 1929-இல் திறந்தார்கள். பிலடெல்ஃபியா நகர மன்றத்தின் உச்சியில் நிற்கும் வில்லியம் பென் சிலையைச் செய்தவர் இந்தச் சிற்பியின் அப்பா. முந்தின நாள் அண்ணாந்து பார்த்த சிலைக்கும் இதற்கும் இப்படி ஒரு உறவு இருப்பதை நினைத்து நான் குதிக்காத குறைதான். கீழே ஆயிரக்கணக்கில் ஜனம் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தது. நாங்கள் நின்ற நேரத்தில் அந்தச் சுவரை ஒருவர்கூடப் பார்க்கவில்லை.

இப்போது சாலையைக் கடந்து டஃபி சதுக்கத்துக்கு வாருங்கள். அங்கே ஒரு வெண்கல மனிதர் தொப்பியும் கைத்தடியுமாக நிற்கிறார். ஜார்ஜ் எம். கோஹன், பாட்டு எழுதியவர், நடிகர், தயாரிப்பாளர். இந்த இரண்டு சிலைகளுக்கும் நடுவே இருக்கும் கதைக்காகவே இந்தப் பதிவை எழுத உட்கார்ந்தேன்.

அந்தக் காலத்தில் ஒத்திகைக்குச் சம்பளம் கிடையாது. வாரக்கணக்கில் ஒத்திகை பார்த்துவிட்டு நாடகம் நாலு நாளில் படுத்துவிட்டால் அந்த நாலு நாள் கூலிதான். வெளியூரில் வசூல் இல்லையென்றால் திரும்பி வர ரயில் காசுகூடக் கொடுக்காமல் குழுவை அம்போ என்று விட்டுவிடுவார்கள். 1919 ஆகஸ்ட் 7 அன்று நடிகர் சங்கமான ஈக்விட்டி வேலைநிறுத்தம் தொடங்கியது. எதெலுக்கு இதில் தனக்கென்று பெற வேண்டியது எதுவும் இல்லை. அவர் பெயர் வாசலில் இருந்தாலே டிக்கெட் விற்கும். ஆனாலும் சங்கத்தோடு நின்றார். அண்ணன் லயனலோடு சேர்ந்து நிதி திரட்டும் நிகழ்ச்சிகளில் நடித்தார். கோஹன் முதலாளிகள் பக்கம். சங்கத்துக்குப் போட்டியாகத் தொடங்கிய அமைப்புக்குத் தலைமை ஏற்றார், கடைசிவரை ஈக்விட்டியில் சேரவே இல்லை. 37 நாடகங்கள் நின்றன. செப்டம்பர் 6 அன்று முதலாளிகள் சங்கத்தை அங்கீகரித்தார்கள். சரியாக ஒரு மாதம் கழித்து 'டெக்லாசே' நாடகத்தில் எதெல் மேடையேறி மறுபடி பெரிய வெற்றி பெற்றார்.

கோஹன் நல்ல கலைஞர், அதை மறுக்கவில்லை. ஆனால் நாடகத் தெருவின் நட்ட நடுவில், அத்தனை பேர் கண்ணில் படும் இடத்தில் அவருக்குச் சிலை வைத்திருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. அந்த இடத்தில், கூட்டமாக ஆடிப்பாடும் கோரஸ் பெண்களுக்காக அந்த வேலைநிறுத்தத்தில் தெருவில் இறங்கியவர்கள் யாராவது நிற்க வேண்டும்.

அதே சதுக்கத்துச் சிவப்புப் படிகளுக்குக் கீழேதான் அன்றைய நாடகங்களுக்குத் தள்ளுபடி டிக்கெட் விற்கும் கவுண்டர். பாதி விலை வரை குறையும். முன்கூட்டியே இணையத்தில் வாங்கினால் விலைக்கு மேல் கட்டணம், கட்டணத்துக்கு மேல் கட்டணம். எங்களுக்கு மேல்தட்டில், பின் வரிசையில், தலைக்கு எழுபது டாலர் சொச்சத்துக்குக் கிடைத்தது. பிராட்வே விலைகள் அநியாயம். அன்று எதெலைப் பார்த்து மேல்தட்டிலிருந்து கத்திய மாதிரி ஆளெல்லாம் இன்று உள்ளே வரவே முடியாது.

47-ஆம் தெருவில் மேற்கே நடந்தால் எதெல் பேரிமோர் அரங்கம். முகப்பு முழுக்கச் சுடுமண்ணாலான பெரிய வளைவுச் சல்லடை, பழைய ரோமானியக் குளியல் மண்டப ஜன்னல் மாதிரி. அந்தி விளக்கில் அந்தச் சல்லடைத் துளைகள் ஒவ்வொன்றாக நிழல் கட்டும்போது சித்தியே "நல்லாத்தான்டா இருக்கு" என்று நின்றுவிட்டார். எதெலைத் தங்கள் பக்கம் இழுக்க, அரங்க முதலாளிகளான ஷூபர்ட் சகோதரர்கள் அவர் பெயரிலேயே கட்டித் தந்த அரங்கம் இது. 1928 டிசம்பர் 20 அன்று திறந்தார்கள். முதல் நாடகத்தில் கன்னியாஸ்திரியாக அவரே நடித்தார், அவரே இயக்கினார். இயக்குநராகப் போட்டுக்கொண்ட பெயரில் அப்பாவின் பழைய குடும்பப் பெயரான பிளைத் இருந்தது.

அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆட நான் தயாரில்லை. 1930-இல் இதே அரங்கில் முகத்தில் கறுப்பு மை பூசிக் கறுப்பினப் பெண்ணாக நடித்தார். அந்தக் காலத்து வழக்கம் என்று சிலர் சொல்வார்கள். கறுப்பின நடிகைகள் அந்தக் காலத்திலும் இருந்தார்கள், வாய்ப்புதான் இல்லை. அது அசிங்கம், நாடகமும் தோற்றது. 1959 மார்ச் 11 அன்று இதே மேடையில் லொரெய்ன் ஹான்ஸ்பெர்ரியின் 'எ ரெய்சின் இன் த சன்' அரங்கேறியது. கறுப்பினப் பெண் ஒருவர் எழுதிய நாடகம் பிராட்வேக்கு வந்தது அதுவே முதல்முறை. அது ஓடிக்கொண்டிருந்த ஜூன் மாதம் எதெல் இறந்தார். நான் மேல்தட்டில் உட்கார்ந்து அந்த மேடையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைய நாடகம் சுமார்தான்.

ரிக்‌ஷாவில் ஏறிய 41-ஆம் தெருவில் நெடர்லாண்டர் அரங்கம். நேஷனல் என்ற பெயரில் அது இருந்தபோது, 1940-இல், 'த கார்ன் இஸ் கிரீன்' நாடகத்தில் வேல்ஸ் சுரங்கக் கிராமத்து ஆசிரியையாக எதெல் நடித்தார். வயது 61. நடுவில் பல வருடம் தோல்வி, கடன். அவருடைய ஆகப் பெரிய வெற்றிகளில் ஒன்று அது, ஊர் ஊராகவும் கொண்டுபோனார். இந்த ஒரு நடிப்பையாவது பார்க்கக் கிடைத்திருந்தால் என்று மனது அடித்துக்கொள்கிறது. அந்த நாடகம் சினிமாவானபோது வேறு நடிகையைப் போட்டார்கள்.

பஸ் விஷயம் பாக்கி. திரும்பும்போது பிலடெல்ஃபியாவிலிருந்து ட்ரென்டன் வரை உள்ளூர் ரயில், அங்கே மாறி நியூ ஜெர்சி ட்ரான்சிட் ரயிலில் நியூயார்க் வந்தோம். விரைவு ரயிலைவிடக் கொஞ்சம் நேரம் கூடுதல்தான். ஆனால் தலைக்கு முப்பது டாலரை ஒட்டித்தான் ஆனது, ஏ.சி. வேலை செய்தது, சித்தி ட்ரென்டன் தாண்டியதும் தூங்கிவிட்டார். போகும்போதும் அதிலேயே போங்கள்.